அம்மாயியின் மூன்று ஊரும் பாட்டியின் நான்கு அரசும்

எங்கள் பக்கத்திலிருந்து மணல்கூட வெளிநாடு போயிருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அப்புறம் கயிற்றை விட்டுவிட்டு மணலையே அள்ளிப் போனார்கள். ஐரோப்பிய நகரங்களின் காஸ் விளக்குகளில் எங்கள் கடற்கரை எரிந்தது. மணவாளக்குறிச்சிக்கு அடுத்த ஊரான மண்டைக்காட்டில் வளர்ந்த நான், நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போய் இரண்டாம் வருடப் படைப்பெழுத்து வகுப்பில் உட்காரும்வரை, என் குடும்பத்திலும் சொல்லிக்கொள்ள ஒரு வெளிநாடு இருக்கிறது என்று நினைத்தவள் இல்லை.

"உங்க பால்யம், உங்க வேர்கள், அதை எழுதுங்க" என்றார் மேடம். வகுப்பில் வேர்களுக்கு அடிபிடி ஆகிவிட்டது. குளச்சல்காரி ஒருத்தி, 1741 போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர்களில் ஒருவனைத் தன் மூதாதையாக எடுத்துக்கொண்டாள். ஆதாரம், அவள் சித்தப்பாவின் பூனைக்கண். தக்கலைப் பையன் ஒருவன் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பால் ஊற்றிய குடும்பமாம். என் முறை வந்தது. மண்டைக்காடு என்றதுமே மேடம், "82 கலவரம்?" என்றார். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் இன்னும் 1982 மாசியிலேயே நிற்கிறது. நான் பிறந்ததே சுனாமிக்கு அப்புறம். அதனால் பேச்சை மாற்ற, "எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, சிலோன் தோட்டத்துல பிறந்தவங்க மேடம்" என்றேன்.

மேடத்தின் கண் விரிந்தது. டச்சுக்காரனும் அரண்மனைப் பாலும் அன்றோடு மதிப்பிழந்தார்கள்.

இதே சிலோனைத்தான் அம்மா கல்யாணத்தின்போது எங்கள் வீட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். கோயில் தெருவில் அப்பாவுக்குத் தேங்காய்க் கடை. மாசிக் கொடைக்கு மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் அம்மாவைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெண் கேட்டிருக்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு முதலில் சம்மதம் இல்லை. பிறகு மகன் சாப்பாட்டைக் குறைத்ததும் சம்மதம் வந்தது. ஆனால் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? பாட்டி ஒரு பொய்யும் சொல்லவில்லை. "அவியளுக்கு மலையில ரப்பர் தோட்டமாக்கும்" என்றாள். தோட்டத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. குறைந்தது பத்து ஏக்கர் என்று ஊர் கணக்குப் போட்டது. 2011-ல் ரப்பர் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் விற்றபோது, அப்பாவின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் மலையிலிருக்கும் கீரிப்பாறைக்கே போய் அம்மாயியிடம் கடன் கேட்டிருக்கிறார். அம்மாயி அவருக்குச் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்து, பஸ்ஸுக்கு இருபது ரூபாயும் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு கிழவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குக் கதை பிடிபட்டது. பாட்டி மண்டைக்காட்டில் பிறந்து, மண்டைக்காட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டு, மண்டைக்காட்டிலேயே இருக்கிறாள். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிதான் அவள் போன தூரதேசம். ஆனால் பிறந்தது திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜையாக. 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி வந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம் தாலுகாவையும் விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளையையும் சேர்த்துச் சென்னை மாநிலத்தோடு இணைத்தார்கள். 1969-ல் அதற்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தார்கள். இருந்த திண்ணையை விட்டு எழுந்திருக்காமல் நான்கு அரசுகளைப் பார்த்துவிட்டாள். தாத்தா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர், பேரப்பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். "நான் எங்கயும் போவல்ல பிள்ளே. சர்க்காருதான் வந்துட்டும் போய்ட்டும் இருந்தது" என்பாள் பாட்டி, விருந்தாளிகளைப் பற்றிச் சொல்வது போல.

அம்மாயிக்கு இது தலைகீழ். அவள் எங்கெங்கோ போனாள், சர்க்கார்தான் கூட வரவில்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 1950-ல் பிறந்தாள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியிருந்தது. அவள் பாட்டனுக்குப் பாட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குப் போனவராம். காப்பியை இலைத்துரு நோய் அழித்தது, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள், கூலி ஆட்கள் மட்டும் மாறவில்லை. துறையூரை அம்மாயி இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் 1964 அக்டோபரில் டெல்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட தாளின்படி அதுதான் அவளுடைய தாய்நாடு.

அந்தத் தாளின் கணக்கை மட்டும் நான் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழித்து இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று பாதியாக்கினார்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது தென்னைகூட இவ்வளவு சுத்தமாகப் பிரிபடாது, ஒற்றைப்பட்ட மரத்துக்குக் கோர்ட்டு வரைக்கும் போவார்கள். அம்மாயியும் அவள் அக்காவும் ஒரே வருடத்தில் மனுப் போட்டார்கள். அக்கா இலங்கைப் பங்கில் விழுந்தாள், தங்கை இந்தியப் பங்கில்.

கட்டுரைக்காக அம்மாயியைப் பேட்டி எடுக்கப் போன்தான் கருவி. இப்போது அவள் எங்களோடு மண்டைக்காட்டில்தான் இருக்கிறாள். மத்தியானம் சீரியல் முடிந்து, வெற்றிலை போட்டு, எதிரே பாட்டியும் உட்கார்ந்த பிறகுதான் பேசுவாள்.

"லயத்து வீட்டு வாழ்க்கை எப்படி இருந்துச்சு அம்மாயி?"

"எப்படி இருக்கும்? பத்தடிக்குப் பன்னண்டடி. அதுல நாங்க ஏழு பேரு, ஒரு ஆடு."

"அது இல்ல, மனசுக்கு எப்படி இருந்துச்சு?"

"மனசுக்குத் தனியா எடம் ஏதுடி அதுல?"

பாட்டி குறுக்கே புகுந்தாள். "ஆட்டையும் உள்ள கெட்டினியளோ?"

"வெளிய கட்டுனா சிறுத்தை தூக்கிட்டுப் போயிருமே."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் இருவரும் ஆட்டைப் பற்றியே பேசினார்கள். என் கேள்வித்தாளில் அடையாளச் சிக்கல், இடப்பெயர்வின் வலி என்றெல்லாம் எழுதிக் கொண்டு போயிருந்தேன். பதிவைப் போட்டுக் கேட்டால் முழுக்க ஆட்டுப் புழுக்கையும் சிறுத்தையும்தான். அம்மாயி சொன்னதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஓரம் ஓரமாகக் கிடைத்தது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு எழுப்பத் தப்பு அடிப்பார்களாம். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த தடம், என் கையைப் பிடித்துத் தடவிக் காட்டினாள், இன்னும் லேசாகப் பள்ளம் தெரிகிறது. பாட்டிக்கும் ஆர்வம் வந்து தொட்டுப் பார்த்தாள். எங்கள் அம்மனுக்கு மண்டைவலி தீர மண்டையப்பம் படைப்பது வழக்கம். "நீ இஞ்ச வந்தது சரியான எடந்தான்" என்றாள் பாட்டி.

ஹட்டனிலிருந்து தலைமன்னார் போகிற ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். அம்மாயி அழவில்லையாம். மடியில் கைப்பிள்ளையாக என் பெரிய மாமா, அவனுக்கு வயிற்றுப்போக்கு. "அழறதுக்கு எங்க நேரம்" என்றாள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் விழுங்கியிருந்ததால் ராமேசுவரத்தில் இறக்கினார்கள். பிறகு மண்டபம் முகாம். முன்னொரு காலத்தில் சிலோனுக்குப் போகிற கூலிகளை நிறுத்தி, நோய் பார்த்து, ஊசி போட்டு அனுப்பிய இடம் அது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் அதே இடத்தில்தான். கட்டடத்தை வீணாக்கவில்லை.

மண்டபத்தில்தான் யார் எங்கே என்று பிரித்தார்கள். நீலகிரியில் தேயிலை, கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர், கேரளத்தில் புனலூர், இல்லையென்றால் கடை வைக்கக் கடன். அம்மாயி வீட்டுத் தாத்தா கன்னியாகுமரி ரப்பர் என்று சொன்னாராம். ஏன் தேயிலை கேட்கவில்லை என்றேன். "கொழுந்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும், அதான்" என்றாள். அப்போது வனத்துறையின் கையில் இருந்த அந்தத் தோட்டங்கள், 1984-ல் அரசு ரப்பர் கழகம் ஆயின. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று மலையோரமாக இப்போதும் இருக்கின்றன. தாயகம் திரும்பியோர் என்பது அரசாங்கக் கடிதங்களில் அவர்களுக்குப் பெயர். துறையூரிலிருந்து போன வம்சத்துக்குத் தாயகம் கீரிப்பாறையில் கிடைத்தது. நல்லவேளை, இரண்டிலும் தமிழ் பேசினார்கள். ஆனால் கீரிப்பாறைக் கடைக்காரர் பேசியது தமிழ்தான் என்று கண்டுபிடிக்க அம்மாயிக்குக் கொஞ்ச நாள் ஆனதாம்.

இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டி, பட்டையைக் கத்தியால் ஒரு நூல் சீவி, சிரட்டையில் பால் பிடிக்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் மரங்களை முடித்து, பாலைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடிக்கவேண்டும். வெட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலைக்கூட விடமாட்டார்கள், அதற்கும் காசு. என் பால்யத்தில் கீரிப்பாறை என்றால் கோடை விடுமுறை. ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்வோம், கூரை உயரத்துக்குத் துள்ளும். வீட்டுக்கு வந்தால் துணியெல்லாம் நாறுகிறது என்று பாட்டி என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிப்பாட்டுவாள். அந்த வாடையை வகுப்பில் வர்ணித்து எழுதியபோது மேடம் 'நல்ல புலன் அனுபவம்' என்று பக்கத்தில் குறித்திருந்தார். அம்மாவிடம் காட்டினேன். "இதுக்குமா மார்க்கு போடுதாவ?" என்று கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் அந்த வாடைக்காகவே கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவள்.

சாப்பாட்டு விஷயம் தனி. எழுபதுகளின் நடுவில் இலங்கைத் தோட்டங்களில் பஞ்சம். அரிசி கிடையாது, மாவு கிடையாது. அம்மாயி குடும்பம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறது. தாய்நாட்டுக்குப் போனால் சோறு என்று சொல்லித்தான் தாத்தா கூட்டி வந்தார். வந்து இறங்கிய மாவட்டமோ அந்தக் கிழங்கின் ராஜ்ஜியம். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரப்பிய மரச்சீனியை, எங்கள் ஊரில் பஞ்சத்துக்கு அல்ல, ஆசைக்குத் தின்கிறோம். சாளைக் கறியோடு சேர்ந்தால் பாட்டிக்குச் சோறே வேண்டாம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் மரியாதைக்கு அதையே அவித்து வைத்திருக்கிறார்கள். அம்மாயி இலையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பெண்ணைக் கொடுக்க இஷ்டமில்லை போல என்று பாட்டி நினைத்துக்கொண்டாள். விஷயம் தெளிய இரண்டு பேரப்பிள்ளைகள் பிறக்கவேண்டியிருந்தது. இன்றைக்கு நாகர்கோவில் ஓட்டல்களில் அதையே வாழையிலை விரித்து, மேலே மீன்கறி ஊற்றி, 'பாரம்பரிய உணவு' என்று பலகை வைத்து விற்கிறார்கள். அம்மாயியின் பிறந்தநாளுக்கு அங்கே கூட்டிப்போகலாம் என்று என் தம்பி சொன்னான். அவள் பதில் அச்சில் ஏறாது.

எனக்குத் தீராத ஆச்சரியம் பாட்டியின் சிலோன் மோகம். சிலோன்காரியைச் சம்பந்தியாக்கத் தயங்கிய அதே பாட்டி, இளமையில் இலங்கை வானொலி கேட்டே வளர்ந்தவள். எங்கள் கடற்கரையில் திருச்சியைவிடக் கொழும்பு துல்லியமாக எடுக்கும். காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு கே.எஸ். ராஜாவின் வேகம், பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பு. அம்மாயி முதலில் வீட்டுக்கு வந்தபோது பாட்டி அப்துல் ஹமீதை எதிர்பார்த்திருக்கிறாள். வந்தவளோ "என்னா சம்மந்தியம்மா, சொகமா?" என்று கேட்டாள். "சிலோன்காரியின்னு சொன்னாவ, ரேடியோக்காரியள மாதிரி பேசல்லியே" என்று பாட்டி அப்பாவிடம் குறைப்பட்டாளாம். அம்மாயி என்ன செய்வாள், தோட்டத்தில் அவர்கள் லயத்துக்கு ரேடியோவே கிடையாது.

எண்பத்து மூன்றின் இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு இன்னொரு குழப்பம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் அகதிகள் வந்தார்கள், எங்கள் மாவட்டத்திலும் முகாம்கள் முளைத்தன. அம்மாயி சிலோன் என்று சொன்னாலே, எந்த முகாம் என்று கேட்பார்கள். நாங்கள் அகதி இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவர்கள், இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது என்று தாத்தா பஸ்ஸில்கூட விளக்குவாராம். 2021-ல் அகதிகள் முகாமை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார், இல்லையென்றால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

அந்தப் பாஸ்போர்ட் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது, கண்டி இந்திய உதவித் தூதரகத்தின் முத்திரையோடு. போட்டோவில் அம்மாயிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கேமராவை ஏதோ கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். கல்லூரியில் மரபு வாரக் கண்காட்சிக்கு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்டார்கள். 'வேர்கள்' என்ற தலைப்பில், டச்சுக்காரனுக்குப் பக்கத்தில்.

"குடுத்தா திருப்பித் தருவாங்களா?" என்றாள் அம்மாயி.

"தருவாங்க. ரெண்டு நாளுதான்."

"அதைக் காட்டித்தான் ரேஷன் கார்டு வாங்குனோம். போட்டோ புடிச்சிட்டுப் போ."

2023-ல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தார்கள். முதல் கூலிகள் காட்டுக்குள் நடந்து, காய்ச்சலிலும் பசியிலும் வழியெல்லாம் செத்து விழுந்த பாதை. யூடியூபில் வந்ததை அம்மாயிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அக்கா வீட்டுப் பிள்ளைகள் யாராவது தெரிகிறார்களா என்று தேடினாள், இல்லை. "நல்லா நடக்குறாங்க, தொப்பி போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுடைய முழுக் கவனத்தையும் இந்த வருடம் வாங்கிக்கொண்டது பெரிய மாமாவின் மகன். கீரிப்பாறையிலேயே பிறந்து, ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். வளைகுடாவுக்குப் போவான் என்று பார்த்தால், ருமேனியா என்கிறான். ருமேனியாவில் வேலை செய்கிற வயதுக்காரர்கள் பலர் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். அதனால் அந்த நாடு 2022-லிருந்து 2025 வரை வருடத்துக்கு ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்வரை அனுமதித்தது. நேபாளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறார்கள். ஹட்டனில் இருக்கும் அக்காவின் பேரனுக்கும் ஏஜென்ட் அதைத்தான் சொல்லியிருக்கிறானாம். 1964-ல் பிரித்த பங்காளிகள் புக்காரெஸ்டில் ஒரே கட்டடத்தில் சாரம் கட்டலாம்.

மாமா பையன் விடைபெற வந்த அன்று, ஏஜென்ட் போனில் வந்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் அம்மாயி.

"தம்பி, இவன் பாஸ்போர்ட்டு இவன் கையில இருக்குமா, தொரை கையில இருக்குமா?"

ஏஜென்ட் சிரித்தான். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றான்.

"அப்ப தொரை கையில" என்றாள் என்னைப் பார்த்து. "ஒரு ரூமுக்கு எத்தனை பேரு?"

"நாலு, அஞ்சு இருக்கும் அம்மா. ஹீட்டர் உண்டு."

"ஒனக்கு எவ்வளவு புடிப்ப?"

அதற்கு அவன், அதெல்லாம் அக்ரிமெண்டில் இருக்கிறது என்றான். அம்மாயி விடவில்லை. அவள் பாட்டனார் காலத்தில் கங்காணி முன்பணம் கொடுத்து, அரிசிக்கும் கம்பளிக்கும் சேர்த்துப் பற்று எழுதி, ஊர் திரும்புகிற நாளிலும் கடன் மிச்சம் வைத்த கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"அங்க குளுரு எப்படி?"

"ஜனவரில மைனஸ் பத்து வரைக்கும் போகும். ஜாக்கெட் கம்பெனியே குடுக்கும்."

"கம்பளிக் காசைச் சம்பளத்துல புடிப்பாங்களான்னு கேளுடா."

மாமா பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். பாட்டி பாக்கை மெல்லுவதை நிறுத்தினாள்.

பிடிப்பார்களாம். மூன்று தவணையாக.